ஓய்வுக்காலச் சேமிப்பை எங்கே வைப்பது?

(2025 ஏப்ரல் திங்களில், மகாவீரர் ஜெயந்தி விழாவை ஒட்டி நடந்த இளைஞர், மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளையார் எனக்கு அளித்த பொருள், புதிதாகச் சேமிக்கத் தொடங்குவோர் ஓய்வுக்காலத்துக்கான பணத்தை எங்கே வைப்பது, வரியில்லாச் சேமிப்பு என்று சொல்லப்படுவனவற்றுள் எதனைத் தேர்வது என்பதாகும். விழா மேடையில் பணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொருந்தும் என்றே கருதுகிறேன். இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்று. இவ்வளவு போதும் என்று வரைந்துகொள்பவர், அந்த இவ்வளவு எவ்வளவு என்று முதலில் அறிந்திருக்க வேண்டும் அன்றோ?

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் உழவையும் ஆசிரியப் பணியையும் நம்பி வாழ்ந்தவை. ஆசிரியராக ஓய்வு பெற்ற பெரியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. அகவிலைப்படி உயரும்போது அதுவும் உயர்கிறது. உங்களுக்குப் பின் துணைவியார்க்குக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஆதலால் முதுமைக்கென்று தனியே சேர்க்கவேண்டிய தேவை உங்களுக்குப் பெரிதாக எழவில்லை. அஞ்சலகத்தில் கொஞ்சம், ஆயுள் காப்பீட்டில் கொஞ்சம், வீட்டுக்கு ஒரு மனை, பெண்ணுக்கு நகை என்பதோடு கணக்கு முடிந்தது.

உங்கள் மக்களின் நிலை வேறு. தமிழ்நாட்டரசில் 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின்னும், மைய அரசில் 2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின்னும் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லாதாயிற்று. சென்னையிலும் பெங்களூரிலும் தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கோ அந்தப் பேச்சே இல்லை. தந்தையார் தமக்குப் பொருந்திய வழியை அன்போடு மகனுக்குச் சொல்கிறார். மகனும் தட்டாமல் கேட்டுக்கொள்கிறான். ஆனால் தந்தையின் சேமிப்பு ஓய்வூதியத்துக்கு மேல் வந்த மிகுதி. மகனுக்கு அச்சேமிப்பே ஓய்வூதியம். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் வரி என்ற சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வங்கிப் பணியில் இருந்த நாள்களில், மார்ச்சு மாதக் கடைசி வாரம் வந்தால் ஒரு கூட்டம் வரும். "சார், வரிக்காக ஏதாவது ஒன்றில் போடவேண்டும், எதுவானாலும் சரி" என்பார்கள். எதுவானாலும் சரி என்று கேட்டு வருபவர்க்கு எது கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இருபதாண்டுகள் கட்டவேண்டிய பத்திரத்தில் இரண்டு நிமிடத்தில் கையொப்பம் இட்டுச் செல்வார்கள்.

பணத்துக்கு மூன்று வாயில்கள் உண்டு. உள்ளே செல்லும்போது ஒன்று, உள்ளே வளரும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. உள்ளே செல்லும்போது கிடைப்பது வருமான வரிக் கழிவு. 80சி என்று எல்லோரும் பழகிப்போன பிரிவு அதுதான். ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை அதில் கழிக்கலாம். வளரும்போதும் வெளியே வரும்போதும் கிடைப்பது விலக்கு. கழிவு வேறு, விலக்கு வேறு. 2020இல் அறிமுகமான புதிய வரிமுறையில் 80சி கழிவு கிடையாது. 2023-24 முதல் அப்புதிய முறையே இயல்பான முறையாகிவிட்டது. பழைய முறை வேண்டுவோர்தாம் கேட்டுப் பெறவேண்டும். இம்மாதம் பிறந்துள்ள 2025-26 நிதியாண்டில், சம்பளம் போன்ற வழக்கமான வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளோர் புதிய முறையில் வரியே கட்டவேண்டியதில்லை. சம்பளக்காரர்க்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்து 12,75,000 வரை. இங்கே அமர்ந்திருக்கும் இளைஞருள் பெரும்பாலோர் இவ்வரம்புக்குள் அடங்குவர்.

ஆகவே, வரியை மிச்சப்படுத்துவதற்காகச் சேமிப்பு என்னும் காரணம் உங்களில் பலர்க்கு இவ்வாண்டோடு போயிற்று. போனது கழிவுதான். பொது வருங்கால வைப்புநிதியின் வட்டிக்குள்ள விலக்கு எந்த முறையிலும் போகவில்லை. அதைவிட முக்கியமாக, அறுபது வயது வருவதும் போகவில்லை. கழிவு இல்லையே, இனி எதற்குச் சேமிக்கவேண்டும் என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டபோதுதான் இத்தனை காலம் நாம் இவர்களுக்குத் தவறான காரணத்தைக் கற்பித்திருக்கிறோம் என்பது விளங்கிற்று.

இன்னொன்றும் உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்க்கு, வரியில்லாத திட்டம் என்னும் பட்டத்தால் ஒரு பயனும் இல்லை. அவர் பார்க்கவேண்டியது வட்டி விகிதத்தையும் பாதுகாப்பையும் மட்டுமே. 60 வயது கடந்தோர்க்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வட்டி இப்போது 8.2 சதவீதம். அவ்வட்டிக்கு வரி உண்டு என்று சொல்லியே சிலர் அதனைத் தவிர்க்கிறார்கள். அத்திட்டத்தின் உச்சவரம்பான 30 லட்சம் முழுவதையும் போட்டாலும் காலாண்டுக்கு 61,500, ஆண்டுக்கு 2,46,000 ரூபாய்தான் வரும். வேறு வருமானம் மிகுதியாக இல்லாதவர் எதற்கு அஞ்சவேண்டும்?

இனிப் புதியவர் எங்கே தொடங்குவது என்பதற்கு வருவோம். சம்பளக்காரர்க்கு முதல் கலம் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் வருங்கால வைப்புநிதி. நாம் பி.எஃப். என்போம். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 12 சதவீதம் உங்கள் பங்கு, அதே அளவு முதலாளியின் பங்கு. 2023-24க்கு 8.25 சதவீத வட்டி அளித்தார்கள். அரசின் மேற்பார்வையில் இவ்வளவு வட்டி தரும் நீண்டகாலத் திட்டம் சாதாரண மனிதர்க்கு வேறு எளிதில் கிட்டாது.

ஆனால் ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் பிரிந்துவிடுகிறது. 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் உள்ளவர்க்கு முதலாளி கட்டும் 1,800இல் 1,250 ஓய்வூதியத்துக்கும் 550 மட்டும் வைப்புநிதிக்கும் செல்லும். அந்த ஓய்வூதியம்தான் எவ்வளவு? கணக்கிடும் சம்பள வரம்பே 15,000. பணியாண்டுகளைச் சம்பளத்தால் பெருக்கி எழுபதால் வகுப்பது விதி. முப்பத்தைந்தாண்டு உழைத்தவர்க்கு மாதம் 7,500 ரூபாய். விலைவாசியோடு அது ஏறுவதும் இல்லை. இத்தொகையைத் தந்தையார் வாங்கும் ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பி.எஃப்.பில் ஓய்வூதியமும் வருகிறதே என்று அமைதி கொள்வதற்கு இடமில்லை.

இக்கலத்தை உடைப்பவர்கள் பெரும்பாலும் அதன் உடைமையாளர்களே. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்து இருசக்கர வண்டி வாங்குவதும், தங்கையின் சீருக்குக் கொடுப்பதும் வழக்கமாகியிருக்கிறது. மூன்று முறை வேலை மாறினால் மூன்று முறை சுழியிலிருந்து தொடங்குகிறீர்கள். தொடர்ந்து ஐந்தாண்டு நிறைவதற்குள் எடுத்தால் அத்தொகை வரிக்கும் உட்படும். யு.ஏ.என். என்னும் ஒரே எண் இருக்கிறது. புதிய நிறுவனத்தில் அவ்வெண்ணைக் கொடுத்துப் பழைய தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் பழைய பணிக்காலமும் ஐந்தாண்டுக் கணக்கில் சேரும். இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருக்கிறது என்போர் இதனை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொது வருங்கால வைப்புநிதி. பி.பி.எஃப். என்று சொன்னால்தான் பலர்க்கு விளங்கும். 1968இல் தொடங்கியது. சம்பளக்காரர், வணிகர், உழவர், இல்லத்தரசி என்று இந்தியாவில் வாழும் எவரும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ தம் பெயரில் ஒரே ஒரு கணக்குத் தொடங்கலாம். கூட்டுக் கணக்குக் கிடையாது. கூட்டுக்குடும்பத்தின் பெயரிலும் 2005க்குப் பின் தொடங்க இயலாது. ஆண்டுக்குக் குறைந்தது 500, மிகுந்தது 1,50,000 ரூபாய். மைனர் குழந்தையின் பெயரில் கணக்கு இருந்தால், பெற்றோர் தம் கணக்கிலும் குழந்தையின் கணக்கிலும் போடுவது இரண்டும் சேர்ந்தே இவ்வரம்புக்குள் அடங்கவேண்டும். தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 ஆண்டுகள் கணக்கு. ஏழாம் நிதியாண்டு முதல் ஒரு பகுதியை எடுக்கலாம். பதினைந்தாண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கொண்டே செல்லலாம். தொடர்ந்து பணம் கட்டி நீட்ட விரும்புவோர் முதிர்வடைந்த ஓராண்டுக்குள் படிவம் கொடுத்துவிட வேண்டும்.

வணிகம் செய்வோர்க்கு இதில் ஓர் உறுதி உண்டு. தொழில் நொடித்துக் கடன் கொடுத்தவர் நீதிமன்ற ஆணை பெற்றுவந்தாலும் பி.பி.எஃப். தொகையைக் கட்டிப்பிடிக்க இயலாது. இல்லத்தரசியர்க்கும் ஒன்று சொல்வேன். கணவர் கொடுத்த பணத்தை மனைவி வேறு வைப்பில் போட்டால் அதன் வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். பி.பி.எஃப்.பில் வட்டிக்கே வரி இல்லை. ஆதலால் அத்தொல்லை இல்லை. தம் பெயரில் ஒரு கணக்குக்கூட இல்லாத பெண்மணிகள் முதலில் இதனைத் தொடங்கலாம்.

வட்டி ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருந்த மிகக்குறைந்த இருப்புக்கே கணக்கிடப்படும். ஆறாம் தேதி போட்ட பணத்துக்கு அம்மாத வட்டி இல்லை. ஆண்டுத் தொகையை ஒருசேரப் போடக்கூடியவர் ஏப்ரல் ஐந்துக்கு முன் போட்டால் பன்னிரண்டு மாத வட்டியும் கிடைக்கும். இவ்வாண்டு அந்நாள் இப்போதுதான் கடந்தது. பரவாயில்லை, மே ஐந்து வருகிறது.

இப்போது ஒரு கணக்கு. இருபத்தைந்து வயதில் ஒருவர் ஆண்டுத் தொடக்கந்தோறும் 60,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 5,000 வீதம் எடுத்துவைத்து, அறுபது வயது வரை போடுகிறார். இன்றைய 7.1 சதவீத வட்டி மாறாதிருந்தால், கட்டியது 21 லட்சம், கையில் வருவது ஏறத்தாழ 90 லட்சத்து 80 ஆயிரம். அவருடைய அண்ணன் இதே தொகையை முப்பத்தைந்தாம் வயதில் தொடங்குகிறார். கட்டியது 15 லட்சம், வருவது ஏறத்தாழ 41 லட்சம். ஆறு லட்சம் குறைவாகக் கட்டியதால் ஐம்பது லட்சத்துக்கு அணித்தாகக் குறைந்தது. திருமணம் முடியட்டும், வீடு கட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்க்கு இக்கணக்கைக் காட்டுவது என் வழக்கம்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. முடிந்தது போலக் காட்டி இறங்கிவிடும் பேச்சாளர் பலர். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பத்தைந்து ஆண்டில் ஒரு ரூபாய்ப் பொருள் ஏழேமுக்கால் ரூபாயை நெருங்கிவிடும். அந்த 90 லட்சத்து 80 ஆயிரத்தை அன்றைய சந்தைக்கு எடுத்துச் சென்றால், இன்று 11 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்க முடியும். வட்டி 7.1, விலையேற்றம் 6 என்றால் நமக்கு மிஞ்சுவது ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேல். இந்த வட்டியும் என்றும் நிலைத்தது அன்று. 1986 முதல் 2000 தொடக்கம் வரை பி.பி.எஃப். 12 சதவீதம் தந்தது. பெரியவர்கள் நினைவில் நிற்பது அக்காலத்துப் பி.பி.எஃப். இளைஞர்கள் பெறுவது 2020 ஏப்ரல் முதல் நிலவும் 7.1.

எண்ணிக்கையில் குறையாத பணம் பொருளில் குறையும். இதனை ஏற்றுக்கொள்ள நம் குடும்பங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. முதல் போகாது என்பதையே நாம் பாதுகாப்பு என்கிறோம். மூன்றாண்டில் வேண்டிய பணத்துக்கு அது சரியே. முப்பதாண்டு கழித்து வேண்டிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பே ஓட்டையாகிவிடுகிறது. எந்தத் திட்டம் சிறந்தது என்று கேட்பதற்கு முன் இப்பணம் எனக்கு எந்த ஆண்டில் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலம் அதற்கேற்ப அமையும்.

நெடுங்காலப் பணத்தின் ஒரு பகுதியேனும் தொழில்களின் வளர்ச்சியில் பங்கு பெறவேண்டும் என்பது என் கருத்து. இளைஞர்க்கு இதில் தயக்கம் குறைவு, அவசரம் அதிகம். பெரியவர்க்குத் தயக்கம் அதிகம். இரு சாராரும் 2008ஐ நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 8,000க்கும் கீழே இறங்கிற்று. மீண்டும் பழைய இடத்தை எட்டியது 2010 நவம்பரில். 2020இலும் ஜனவரியில் 42,000 அளவில் இருந்தது மார்ச்சில் 26,000க்கும் கீழ்ச் சென்றது. மகளின் கல்லூரிக் கட்டணத்தை அங்கே வைத்திருந்தவர் பெரும் இழப்புக்கு உள்ளானார். முப்பதாண்டு கழித்து எடுக்கவேண்டியவர் அன்று செய்ய வேண்டியிருந்தது மாதத் தொகையை நிறுத்தாமல் இருந்தது மட்டுமே.

புதியவர் தனித்தனிப் பங்குகளை வாங்கவேண்டா. கைப்பேசியில் ஆப்ஷன் வணிகம் செய்வதைச் சேமிப்பு என்று எண்ணவும் வேண்டா. பரஸ்பர நிதிகளுள் இன்டெக்ஸ் ஃபண்டு எனப்படும் குறியீட்டு நிதி போதுமானது. நிஃப்டி 50 போன்ற குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்வதே அதன் வேலை. யாருடைய திறமையையும் நம்பவேண்டியதில்லை. அதனால் செலவும் குறைவு. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு பரஸ்பர நிதியிலும் நேரடி, வழக்கமான என்று இரு வகை உண்டு. வழக்கமான வகையில் விற்றுத்தந்தவர்க்கு ஆண்டுதோறும் தரகு போகும். நேரடி வகையில் போகாது. அந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். வெறும் கணக்குக்காக, மாதம் 5,000 வீதம் முப்பதாண்டு போட்டு, ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் ஒரு கோடியே 13 லட்சம். ஒரு சதவீதம் செலவில் போய் 9 சதவீதம் வளர்ந்தால் 91 லட்சத்து 50 ஆயிரம். பங்கு நிதிகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும்போது, ஆண்டு ஆதாயத்தில் 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கு 12.5 சதவீத வரி உண்டு. முற்றிலும் வரியில்லாதது அன்று. அதற்காக அதனை ஒதுக்கவும் வேண்டா.

இங்கே நம் குடும்பங்களில் எழும் ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்ல இயலாது. குறியீட்டை வாங்கினால் அதில் உள்ள எல்லாவற்றையும் வாங்குகிறோம். நிஃப்டி 50இல் புகையிலைப் பொருள் விற்கும் நிறுவனம் உண்டு. அகன்ற குறியீடுகளில் மது ஆலைகளும் இறைச்சி, மீன் பதப்படுத்துவோரும் உண்டு. கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர் இதனை ஏற்பதா? மது, புகையிலை முதலியவற்றை விலக்கும் குறியீடுகள் இந்தியாவில் இருக்கின்றன. அவை இசுலாமிய நெறிப்படி அமைந்தவையாதலால் வட்டி வாங்கும் வங்கிகளையும் விலக்கிவிடுகின்றன. நம் நோக்கத்துக்கு அவை முழுதும் பொருந்துவன அல்ல. என் நோக்கில், இதில் மனம் ஒப்பாதவர் அந்தப் பகுதியை விட்டு வைப்புநிதிகளில் கூடுதலாகச் சேர்ப்பதே நேர்மை. குறைந்த வளர்ச்சியை ஈடுசெய்ய அதிகத் தொகை ஒதுக்கவேண்டும் என்பதை மட்டும் அறிந்து செய்யுங்கள். ஒப்புவோரை ஒப்பாதோர் குறை சொல்லவும் வேண்டா.

தேசிய ஓய்வூதியத் திட்டம், என்.பி.எஸ்., 2009 மே முதல் அனைவர்க்கும் திறக்கப்பட்டது. நிர்வாகச் செலவு மிகக் குறைவு. பங்குகளில் எத்துணை விழுக்காடு என்பதை நாமே குறிக்கலாம். அறுபது வயதில் 60 சதவீதத்தை வரியின்றி எடுக்கலாம். 2025 ஏப்ரலில் இருந்த விதிப்படி எஞ்சிய 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி வாங்கியாக வேண்டியிருந்தது. அதில் வரும் மாதத் தொகைக்கு வரி உண்டு. முதுமையில் பணத்தை ஒருசேரக் கையில் வைத்திருந்தால் உறவினர் கேட்டு வாங்கிவிடுவார்கள் என்று அஞ்சுவோர்க்கு அந்தக் கட்டாயம் நன்மையே. உங்கள் நிறுவனம் தன் பங்காக என்.பி.எஸ்.ஸில் கட்ட முன்வந்தால் மறுக்காதீர்கள். புதிய வரிமுறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அதற்குக் கழிவு உண்டு. நிறுவனம் கட்டாதபோது, புதியவர் இதனை மூன்றாவதாக வைத்துக்கொண்டால் போதும்.

சம்பளமில்லாதோரைப் பற்றி இத்தகைய உரைகளில் யாரும் பேசுவதில்லை. நிலத்தை உழுவோர், சிறு கடை நடத்துவோர், நம் ஆலயங்களில் பூசை செய்யும் உபாத்தியாயர்கள், சமையல் செய்வோர் ஆகியோர்க்குப் பி.எஃப். ஏது? 18 முதல் 40 வயதுக்குள் இருந்து, வருமான வரி செலுத்தாதவராயின், அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். அறுபது வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேர்பவர் 577 ரூபாயும், 40இல் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்டவேண்டும். அன்றைய விலையில் ஐயாயிரம் பெரிய தொகையாக இராது. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆலயப் பணியாளர்க்கு இந்த மாதத் தொகையை அந்தந்த ஊர்ச் சமுதாயமே கட்டிவிடலாம். அறக்கட்டளையார் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப்போவது சிலர்க்கு வருத்தம் தரலாம். நம் உறவினருள் ஆயுள் காப்பீட்டு முகவர்கள் பலர். சித்தப்பா முகவராக இருப்பார், மாமா முகவராக இருப்பார். முதற்சம்பளம் வாங்கிய செய்தி ஊருக்கு எட்டியதும் அவர்கள் அன்போடு வருவார்கள். காப்பீடும் சேமிப்பும் கலந்த பத்திரத்தை நீட்டுவார்கள். ஆண்டுக்கு 50,000 வீதம் இருபதாண்டு கட்டினால், அத்தகைய பத்திரம் 5 சதவீத அளவில் வளர்ந்து 17 லட்சத்து 36 ஆயிரம் தரும் என்று வைப்போம். அதே தொகை பி.பி.எஃப்.பில் 7.1 சதவீதத்தில் 22 லட்சத்து 19 ஆயிரம் ஆகும். அப்படியானால் காப்பீடு வேண்டாவா என்றால், வேண்டும். உங்களை நம்பி மனைவியோ பெற்றோரோ இருந்தால் டெர்ம் பாலிசி என்னும் வெறும் காப்பீடு எடுங்கள். அதில் பணம் திரும்பாது. ஆனால் சிறிய கட்டணத்தில் குடும்பத்துக்குப் பெரிய தொகைக்கு உறுதி கிடைக்கும். அந்தப் பாலிசியையே மாமாவிடம் எடுங்கள். உறவும் கெடாது. முன்பே பழைய பத்திரங்கள் வைத்திருப்போர் இன்று வீட்டுக்குப் போய் அவற்றைக் கிழித்துவிட வேண்டா. எத்தனை ஆண்டு கட்டியாயிற்று, நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று எழுதி வாங்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மோசடிகளைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. 2022இல் ஆரணி, வேலூர், காஞ்சிபுரம் வட்டாரங்களில் நிதி நிறுவனங்களை நம்பிப் பணம் இழந்தோர் கதை எல்லோர்க்கும் தெரியும். மாத வட்டியைக் கண்ணிற் காட்டியே அப்பணம் திரட்டப்பட்டது. வங்கி வைப்புக்குக்கூட, ஒருவர்க்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு. அவ்வளவு உறுதியுள்ள இடமே ஏழு சதவீதம் தரும்போது, ஆண்டுக்கு இருபது, முப்பது என்று சொல்பவர் அதனை எங்கிருந்து ஈட்டித் தருவார் என்று கேளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் கையில் 28,000 ரூபாய் வாங்கும் இருபத்து நான்கு வயது இளைஞர், மாதம் 5,000 ஒதுக்கக்கூடியவர். அவர் முதலில் ஓய்வுக்காலத்தைத் தொடவே வேண்டா. ஓராண்டு வரை அந்த ஐயாயிரத்தை வங்கியிலேயே சேர்த்து, வேலை போனாலும் சில மாதம் தாங்கும் தொகையை உண்டாக்கட்டும். பெற்றோர்க்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அதனை எடுக்கட்டும். ஒருநாள் மருத்துவமனைச் செலவு வந்தால் பி.எஃப்.பை உடைக்கும் நிலை வரக்கூடாது. இரண்டாம் ஆண்டு முதல் 2,500 பி.பி.எஃப்.புக்கும், 2,500 குறியீட்டு நிதிக்கும் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த மறுநாளே தானாகச் செல்லும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடட்டும். சம்பளம் உயரும்போது தொகையும் உயரட்டும். ஐம்பத்தைந்து வயதை நெருங்கும்போது குறியீட்டு நிதியில் உள்ளதைச் சிறிது சிறிதாக வைப்புகளுக்கு மாற்றிவிட வேண்டும். சரிபாதி என்பது என் பழக்கம்தான், விதி அன்று. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை உள்ளவர் செல்வமகள் திட்டத்தையும் பாருங்கள். 8.2 சதவீதம், வரியும் இல்லை.

கடைசியாக நியமனம். எத்தனையோ கணக்குகளில் இன்னும் மறைந்த தாயாரின் பெயரே நியமனதாரராக இருக்கிறது. திருமணம் ஆனபின் பி.எஃப்., பி.பி.எஃப்., வங்கி, பரஸ்பர நிதி ஒவ்வொன்றிலும் பெயரைத் திருத்துங்கள். எங்கெங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, துணைவர் அறிய வைத்திருங்கள்.

மாலை உணவு பொழுது சாயும் முன் பரிமாறப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரை மண்டபத்தின் வலப்புறத்தில் அமர்ந்திருப்பேன். சம்பளச் சீட்டோ, பாலிசிப் பத்திரமோ, பி.எஃப். கணக்குத் தாளோ கொண்டுவந்திருப்போர் காட்டலாம். கைப்பேசியில் வைத்திருந்தாலும் சரி.